மூன்றாந்தரமும் எடுப்பதா? உயிரியல் பிரிவு மாணவர் போடவேண்டிய கணக்கு

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகி ஒரு கிழமைக்குள் எங்கள் மானிப்பாயிலும் அயலில் சண்டிலிப்பாய், சுதுமலைப் பக்கமும் பல வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடும். "மெடிசினுக்குக் காணாது. திரும்ப எடுக்கிறதோ, கிடைக்கிறதைப் படிக்கப் போறதோ?" உறவினர், அயலவர் என்று என்னிடமும் சிலர் கேட்பார்கள். கேட்பவர் அநேகமாகத் தாயோ தகப்பனோதான். பரீட்சை எழுதிய பிள்ளை பக்கத்தில் பேசாமல் நிற்கும்.

இந்த ஊரில் அந்தக் கேள்விக்குப் பாரம் கூட. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848இல் மானிப்பாயில் வைத்தியசாலையையும் மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி வந்தது 1870இல். 1860களில் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' போன்ற நூல்கள் தமிழில் வந்தன. ஆகவே டொக்டர் என்ற சொல் இங்கே தொழிலின் பெயராக மட்டும் நிற்பதில்லை. குடும்பத்தின் மரியாதையும் அதில் தொங்குகிறது. பிள்ளையின் முடிவை அந்த மரியாதை எடுப்பதா, கணக்கு எடுப்பதா என்பதுதான் பிரச்சினை.

முதலில் விதிகள். பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் மூன்று தடவை உயர்தரம் தோற்றலாம். இரண்டாந்தரம் எடுத்தவர் என்பதற்காக இசட் புள்ளியில் எதுவும் கழிக்கப்படுவதில்லை. மருத்துவ இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன.

மாவட்டப் பங்கு என்றதும் எங்களுக்குப் பழைய காயம் நினைவு வரும். 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ் மாணவர் 250 புள்ளி எடுக்கவேண்டியிருந்தபோது சிங்கள மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று மொழிவாரித் தரப்படுத்தல் இல்லை. ஆனால் சனத்தொகை என்ற அளவுகோல் வேறு விதமாக எங்களைத் தொடுகிறது. 1981இல் 7 இலட்சத்தைத் தாண்டியிருந்த யாழ் மாவட்டச் சனத்தொகை, போரும் புலம்பெயர்வும் கடந்து 2012இல் 6 இலட்சத்துக்குக் கீழே நின்றது. சனம் குறைந்தால் பங்கும் குறையும். போட்டி குறையவில்லை. முல்லைத்தீவு, மன்னார் பிள்ளைகளை விட யாழ்ப்பாணப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி கூடுதலாக இருப்பதற்கு இந்த முறைதான் காரணம். அந்த மாவட்டங்களில் ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாமல் படிக்கும் பிள்ளையை நினைத்தால் அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனிக் கணக்கு. இசட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து வருவது. மூன்று பாடங்களுக்கும் அப்படிப் பார்த்து, அதன் சராசரியே உங்கள் இறுதிப் புள்ளி. உதாரணத்துக்கு நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாடத்தில் 6 புள்ளி கூடினால் அந்தப் பாடத்தின் இசட் 0.3 ஏறும், இறுதிப் புள்ளி 0.1 மட்டுமே ஏறும். வெட்டுப்புள்ளிக்கு 0.1 குறைந்தவர் மூன்று பாடத்திலும் சேர்த்து 6 புள்ளி கூட்டினால் போதும். 0.6 குறைந்தவர் 36 புள்ளி, அதாவது பாடத்துக்கு 12 வீதம் கூட்டவேண்டும். இரண்டு பேரும் 'கொஞ்சத்தில் தவறியது' என்றுதான் சொல்வார்கள். ஆனால் இருவர் நிலையும் ஒன்றல்ல. அதோடு, அடுத்த முறை போட்டியிடுவது வேறொரு தொகுதி மாணவரோடு. வெட்டுப்புள்ளியும் அசையும்.

காலத்தையும் பார்க்கவேண்டும். 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பரில் தொடங்கியது. பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அடுத்த பரீட்சை நவம்பரில். பெறுபேற்றைப் பார்த்த பிறகு முடிவெடுத்தவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஆறரை மாதம். பௌதிகவியல் ஒன்றே இழுத்து விழுத்தியவருக்கு அது காணும். மூன்று பாடமும் அடித்தளத்திலிருந்து தொடங்கவேண்டியவருக்குக் காணாது.

ஆகவே என்னுடைய நிலைப்பாடு இது. இடைவெளி சிறிது, சறுக்கிய பாடம் எது என்று தெரியும், காய்ச்சலோ வீட்டில் ஒரு இழப்போ போன்ற காரணமும் இருந்தது என்றால் இரண்டாந்தரம் எடுப்பது நியாயம். அதே ரியூசன், அதே குறிப்பு, அதே நேரசூசி என்றால் அதே பெறுபேற்றைத்தான் பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். மூன்றாந்தரம் எடுப்பதென்றால், இரண்டாந்தரத்தில் புள்ளி தெளிவாக ஏறியிருக்கவேண்டும். ஏறாமல் நின்றவரை மறுபடி அனுப்புவது பெரும்பாலும் ஊர் வாய்க்குப் பயந்துதான். மருத்துவப் படிப்பு ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். மூன்றாந்தரத்தில் உள்ளே போகிறவர் வேலைக்கு வரும்போது முப்பதை நெருங்கிவிடுவார்.

எதைத் தீர்மானித்தாலும் கையிலிருக்கும் பெறுபேற்றை வைத்துப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பதிவு செய்வதற்கு முன் மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த ஆண்டுக் கைநூலை வாசியுங்கள். பதிந்தவர் மறுபடி விண்ணப்பிப்பது பற்றிய கட்டுப்பாடுகள் அதில் இருக்கும். யாழ் பல்கலைக்கழகத்திலேயே தாதியம், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கின்றன. கைதடியில் சித்த மருத்துவம், கிளிநொச்சியில் விவசாயம் இருக்கின்றன. வெளிநாட்டில் காசு கட்டி மருத்துவம் படிக்க அனுப்ப நினைப்பவர்கள், திரும்பி வந்து இலங்கை மருத்துவ சபையின் பதிவுக்கான பரீட்சையில் சித்தியடையவேண்டும் என்பதைக் காணி விற்க முன்னரே யோசிக்கவேண்டும்.

எங்கள் வைத்தியசாலைகளில் டொக்டருக்கு மட்டுமல்ல, தாதியருக்கும் ஆய்வுகூடக்காரருக்கும் தேவை இருக்கிறது. அந்தப் படிப்புக்குப் போகும் பிள்ளையைப் பார்த்து "பாவம், மெடிசின் கிடைக்கேல்லை" என்று சொல்வதை முதலில் நிறுத்துவோம். பெறுபேறு வந்த வீட்டுக்குப் போனால், பேசாமல் நிற்கும் அந்தப் பிள்ளையிடம் "நீ என்ன யோசிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, அது பதில் சொல்லுமட்டும் காத்திருப்போம்.