பழுது எங்கே?



இரவு வரை ஒழுங்காக ஓடிய கணிப்பொறி, காலையிலே பொத்தானை அழுத்தினால் அசைவதில்லை. விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை. நம் விடுதி அறைகளில் இது அடிக்கடி யாருக்கேனும் நேர்கின்றது. அப்பொழுது நாம் செய்வது என்ன? பொத்தானைப் பத்து முறை அழுத்துகிறோம். பெட்டியைத் தட்டிப் பார்க்கிறோம். பிறகு அதை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு போகிறோம். கடைக்காரர் சொல்லும் தீர்ப்பை வாய் திறவாமல் ஏற்றுக்கொள்கிறோம். இந்தப் பழக்கம் மாறவேண்டும் என்பதே என் கருத்து.

நம் ஊராக இருந்தால் தமிழிலே நாலு கேள்வி கேட்கலாம். தில்லிக்கு வந்து ஈராண்டு ஆன பின்னும் நம்மில் பலருடைய இந்தி, காய்கறி வாங்கும் அளவிலேதான் நிற்கிறது. "மதர்போர்டு போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால், "எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்க நாவிலே சொல் இல்லை. சொல் இல்லாததைவிடப் பெருங்குறை ஒன்று உண்டு. என்ன கேட்பது என்பதே நமக்குத் தெரியவில்லை.

சென்ற கோடையில் நம் மன்றத்து அன்பர் ஒருவரின் கணிப்பொறி இவ்வாறு அடங்கிவிட்டது. ஆய்வேட்டைத் தருவதற்கு ஆறு நாளே இருந்தன. ஒரு கடையிலே, பெட்டியைத் திறக்கும் முன்பே, மதர்போர்டை மாற்றவேண்டும் என்று எட்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். கையில் பணமில்லை, பெட்டியைத் திருப்பி எடுத்து வந்தார். அன்று மாலை இருவரும் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். மட்டுமே செத்திருந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி மாட்டியதும் கணிப்பொறி எழுந்தது. இதிலே மேதைமை ஒன்றும் இல்லை. முறை ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அந்த முறை எளியது: வெளியிலிருந்து உள்ளே போவது, செலவில்லாததை முதலிலும் செலவுள்ளதைக் கடைசியிலும் ஐயுறுவது.

முதலில் சுவரைப் பாருங்கள். அதே துளையிலே கைப்பேசிச் சார்ஜரை மாட்டினால் வேலை செய்கிறதா? கோடையில் கூலரும், தேநீர்க் கெட்டிலும், கணிப்பொறியும் ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டப்படுகின்றன. பலகையின் காப்புப் பொத்தான் விழுந்து கிடப்பது நாம் பலமுறை கண்டதே. யு.பி.எஸ். இருந்தால் அதை விலக்கிவிட்டு நேரே சுவரிலே மாட்டிப் பாருங்கள். சில ஆண்டுகள் ஆன பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும். பெட்டியின் பின்புறம் சிறு சுவிட்சு உண்டு. கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்கவேண்டும், வட்டம் போட்ட பக்கம் அன்று. மின்கம்பியை மாற்றிப் பாருங்கள். இறுதியாகக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் மாட்டுங்கள். மின்சாரம் போய் வந்த அதிர்ச்சியில் தன்னைத் தானே பூட்டிக்கொண்ட எஸ்.எம்.பி.எஸ். இதனாலேயே விழித்துக்கொள்வதுண்டு. இவ்வளவுக்கும் ஒரு காசு செலவில்லை.

இனி உள்ளே போவோம். ஆனால் வாரண்டி உள்ள பெட்டியைத் திறக்காதீர்கள். அதை விற்றவரிடமே கேளுங்கள். மற்றவர்கள் மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரே திறக்கவேண்டும்.

இங்கே ஒரு செய்தியை அறிந்துகொள்வது நலம். பழைய கணிப்பொறிகளில் முன்புறச் சுவிட்சு, வீட்டு விளக்கின் சுவிட்சைப் போலவே, 230 வோல்ட் மின்சாரத்தைத் தானே திறந்து மூடியது. 1995-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பு இதை மாற்றிவிட்டது. இன்றைய பொத்தான் மின்சாரத்தைத் திறப்பதில்லை; விண்ணப்பம் மட்டுமே செய்கிறது. அந்த விண்ணப்பத்தை மதர்போர்டு வாங்கி எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அனுப்புகிறது. அது இசைந்தால்தான் கணிப்பொறி எழும். ஆகவே கேட்பவன், தூதன், கொடுப்பவன் என்று மூவர் இருக்கிறார்கள். மூவரில் யார் கடமை தவறினாலும் நமக்குத் தெரிவது ஒன்றே: இருட்டு!

மூவரையும் தனித்தனியே விசாரிக்கலாம். பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பியை மதர்போர்டிலிருந்து கழற்றுங்கள். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, அந்தக் கம்பி இருந்த இரண்டு முட்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு இணையுங்கள். கணிப்பொறி எழுந்தால் குற்றம் பொத்தானுடையது; மிக மலிவான பழுது அது. எழாவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸை எல்லாவற்றிலிருந்தும் பிரித்து, அதன் 24 முள் இணைப்பிலே பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கம்பித் துண்டால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். மல்டிமீட்டரில் மஞ்சள் கம்பி 12 வோல்ட்டும், சிவப்பு 5 வோல்ட்டும், ஆரஞ்சு 3.3 வோல்ட்டும் காட்டவேண்டும். ஐந்து விழுக்காடு கூடலாம், குறையலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் கொடுப்பவனே குற்றவாளி. சில எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே இருக்கும். அவற்றில் இணைப்பின் படத்தைப் பார்த்து எண்ணிய பிறகே கை வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எவரும் பிரிக்கக்கூடாது. அதனுள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். கம்பியைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அது உயிரோடு இருக்கும். அறிவு வேறு, அசட்டுத் துணிவு வேறு.

மூவரில் இருவர் குற்றமற்றவர் என்று தெரிந்தால்தான் மதர்போர்டின் பக்கம் திரும்பவேண்டும். அப்பொழுதும் அவசரம் வேண்டாம். பிராசசரையும் ஒரே ஒரு ராமையும் விட்டு மற்றவற்றைக் கழற்றி முயலுங்கள். கழன்று விழுந்த ஒரு திருகாணி அடியிலே கிடந்து மின்சாரத்தைக் குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். விசிறி சுழன்று திரை மட்டும் இருண்டிருந்தால் அது வேறு நோய். அங்கே முதலில் ராமைக் கழற்றித் துடைத்து மாட்டவேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கணிப்பொறி எழாவிட்டால் ஆய்வேடு அழிந்தது என்று பொருளன்று. பெரும்பாலும் டிஸ்கு நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் படிக்கலாம். விண்டோஸ் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்கத் திறவுகோல் வேண்டும். அதை இன்றே எழுதி வையுங்கள். கடையிலே பெட்டியை விட்டு வரும்பொழுது டிஸ்கைக் கழற்றிக் கையோடு கொண்டு வருவதும் நம் உரிமையே.

"நாம் என்ன மின்வினைஞர்களா? நமக்குப் படிப்பு இல்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். படிப்பு இருப்பதால்தான் சொல்கிறேன். காரணத்தைத் தேடாமல் தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொள்பவன் ஆய்வுக்கூடத்திலே என்ன ஆராய்வான்? கடைக்காரர்களை நான் பழிக்கவில்லை. நேரு பிளேசில் சின்னஞ்சிறு மேசைகளில் அமர்ந்து சாலிடரிங் செய்யும் கைகளின் திறமை நமக்கு வாராது. அவர்களிடம் போகத்தான் வேண்டும். ஆனால் "பெட்டி ஓடவில்லை" என்று போவது வேறு; "எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட் வரவில்லை" என்று போவது வேறு. பின்னதைச் சொல்வதற்கு நல்ல இந்தி வேண்டியதில்லை. மீட்டர் காட்டும் எண்ணுக்கு எல்லா ஊரிலும் ஒரே மொழிதான்.

தனி மாணவன் ஒருவன் சோதனைக்கென்று இன்னொரு எஸ்.எம்.பி.எஸ். வாங்கி வைக்க இயலாது. மன்றத்தால் இயலும். ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, ஒரு மின்கம்பி, டிஸ்கை யு.எஸ்.பி.யில் இணைக்கும் கம்பி ஒன்று: இவை ஒரு பெட்டியில் அடங்கும். ஆண்டு விழாவின் மேடை அலங்காரச் செலவிலே சிறு பங்கு போதும். அதனுடன் ஒரு குறிப்பேடும் வேண்டும். எந்தக் கணிப்பொறி, என்ன குறி, எங்கே பழுது, எப்படித் தீர்ந்தது என்று ஒவ்வொருவரும் தமிழிலே எழுதி வைக்கவேண்டும். ஐந்து ஆண்டில் அது ஒரு நல்ல நூலாகிவிடும். அடுத்த ஆண்டு சேலத்திலிருந்தோ நெல்லையிலிருந்தோ புதிதாய் வரும் தம்பி, முதல் நாள் இருட்டிலே திகைத்து நிற்கமாட்டான்.

செயற்குழு இதனை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுமாக!