லாகின் ஆகலையா? ‘ஃபார்மட் போடணும்’னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க!

போன மாதம் மேலூரிலிருந்து சித்தி மகன் லேப்டாப் பையோடு மாட்டுத்தாவணியில் வந்து இறங்கினான். இன்ஜினியரிங் கடைசி வருஷம். உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு ராத்திரி அப்கிரேடு கொடுத்துட்டுத் தூங்கியிருக்கான். காலையில் பாஸ்வேர்டு அடித்தால் திரை ஒரு நொடி கறுக்குது, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்குது. பத்து தடவை அடித்தும் அதே கதைதான். பக்கத்துக் கடையில் காட்டினதுக்கு, “ஓஎஸ் கரப்ட் ஆயிருச்சு, ஃபார்மட் போடணும். டேட்டா வேணும்னா தனி சார்ஜ்” என்று சொல்லிவிட்டார்கள். புராஜெக்ட் ரிப்போர்ட் முழுக்க அதற்குள்தான் இருக்கு. ரிவ்யூவுக்கு நாலே நாள். “எல்லாம் போச்சாக்கா?” என்று கேட்டபோது முகமே சரியில்லை.

எதுவும் போகவில்லை. டிஸ்க் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். அப்கிரேடுக்காக இறக்கிய ஃபைல்களைத் துடைத்ததும் லாகின் ஆகிவிட்டது. மொத்தம் 20 நிமிஷ வேலை.

இந்த 20 நிமிஷத்தைத்தான் பல பேர் இழக்கிறார்கள். லாகின் திரை ஓடவில்லை என்றால் கம்ப்யூட்டரே செத்துவிட்டது என்று நினைப்பதும், எல்லாக் கோளாறுக்கும் ஃபார்மட்தான் மருந்து என்பதும் நமக்குப் பழகிவிட்டது. இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும். பயனர், கடைக்காரர், லேப்டாப் கொடுக்கும் அரசு என மூன்று பேருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

ஏன் இப்போது இதைப் பேசணும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த கருவிகள் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இந்தத் தகுதிக்குள் வராது. அதனால் ஒரு பக்கம் விண்டோஸ் 11-க்கு அப்கிரேடு, இன்னொரு பக்கம் உபுண்டு, மின்ட் என்று லினக்ஸுக்கு மாறுதல் என இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. அப்கிரேடு அதிகமானால் லாகினில் மாட்டிக்கொள்பவர்களும் அதிகமாவார்கள்.

லாகின் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

லினக்ஸில் நீங்கள் பார்க்கும் லாகின் பக்கம் ஒரு தனி புரோகிராம். அதற்கு டிஸ்ப்ளே மேனேஜர் என்று பெயர். உபுண்டுவில் ஜிடிஎம், மின்ட்டில் லைட்டிஎம், கேடிஇ டெஸ்க்டாப்பில் எஸ்டிடிஎம். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் இது உங்கள் டெஸ்க்டாப்பைத் தொடங்கி வைக்கும். அந்த டெஸ்க்டாப் திரையில் தெரிய, எக்ஸ் அல்லது வேலண்ட் என்ற அடுக்கும், அதற்குக் கீழே கிராஃபிக்ஸ் டிரைவரும், அதற்கும் கீழே கெர்னலும் வேலை செய்யணும்.

அப்கிரேடு இந்த எல்லா அடுக்கையும் ஒரே ராத்திரியில் மாற்றுகிறது. ஒன்று புதுசாகி, இன்னொன்று பழசாகவே நின்றுவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். உங்கள் ஃபைல்கள் இருப்பது வேறு இடம். அவற்றுக்கும் இந்தச் சங்கிலிக்கும் சம்பந்தமே இல்லை.

மீனாட்சியம்மன் கோயிலில் ஒரு கோபுர வாசல் மூடியிருந்தால் கோயிலே இல்லை என்று யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. அடுத்த வாசலுக்கு நடப்போம். இங்கேயும் அதேதான். கிராஃபிக்ஸ் வாசல் மூடியிருந்தால், இன்னும் மூன்று வாசல் இருக்கிறது.

முதலில் எதைப் பார்க்கணும்?

முதல் வேலை, கோளாறு எந்த வகை என்று பிரிப்பது. ‘பாஸ்வேர்டு தவறு’ என்று மெசேஜ் வருகிறதா, அல்லது எதுவும் சொல்லாமல் லாகின் பக்கத்துக்கே திரும்புகிறதா? மெசேஜ் வந்தால் கீபோர்டைப் பாருங்கள். தமிழ்99 போன்ற விசைப்பலகையைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு லாகின் பக்கத்தில் அதுவே தேர்வாகியிருக்கலாம். நீங்கள் ஆங்கிலத்தில் அடிப்பதாக நினைப்பீர்கள், உள்ளே போவது தமிழ் எழுத்து. திரையின் மூலையில் இருக்கும் மொழிக் குறியை மாற்றினால் போதும்.

மெசேஜ் இல்லாமல் திரும்பி வந்தால், பாஸ்வேர்டு சரி, டெஸ்க்டாப்தான் எழவில்லை என்று அர்த்தம். உபுண்டுவில் பெயரைத் தேர்வு செய்ததும் கீழே வலது மூலையில் ஒரு பற்சக்கர ஐகான் தெரியும். அதில் எக்ஸ், வேலண்ட் இரண்டும் இருந்தால் மற்றதை மாற்றிப் பாருங்கள். ஆனால் 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-லிருந்து எக்ஸ் வழி டெஸ்க்டாப் எடுக்கப்பட்டுவிட்டது. அங்கே இந்தக் குறுக்குவழி கிடையாது.

இரண்டாவது வாசல்: எழுத்துத் திரை

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். படமே இல்லாமல் வெறும் எழுத்தில் ஒரு லாகின் வரும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். உள்ளே போய்விட்டால் பாதி நிம்மதி. உங்கள் கணக்கும் ஃபைல்களும் பத்திரம்.

அங்கே நான்கு விஷயங்களை வரிசையாகப் பார்க்கணும்.

டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? ‘டிஎஃப்’ என்ற கட்டளை சொல்லிவிடும். 100 சதவீதம் என்று காட்டினால் டெஸ்க்டாப் தன் தற்காலிக ஃபைலைக்கூட எழுத முடியாது, லாகினுக்கே திருப்பி அனுப்பும். இறக்கி வைத்த பேக்கேஜ்களை ‘ஆப்ட் கிளீன்’ துடைத்துவிடும். அதை சூடோவோடு கொடுக்கணும்.

அப்கிரேடு முழுசாக முடிந்ததா? நடுவில் கரண்ட் போயிருந்தாலோ, சார்ஜ் தீர்ந்திருந்தாலோ பேக்கேஜ்கள் பாதியில் நிற்கும். ‘டிபேக்கேஜ்’ கட்டளையின் கான்ஃபிகர் வசதி விட்ட இடத்திலிருந்து முடித்து வைக்கும்.

ஹோம் ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்கள் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா? எப்போதோ சூடோ போட்டுச் செய்த ஒரு வேலையால் ‘எக்ஸ்அத்தாரிட்டி’ என்ற மறைந்த ஃபைல் ரூட் பெயருக்குப் போயிருக்கலாம். எக்ஸ் வழியில் ஓடும் கணினிகளில் லாகின் சுற்றிச் சுற்றி வர இது பழைய காரணம். அதன் பெயரை மாற்றி வைத்தால், அடுத்த லாகினில் புதுசாக உருவாகிவிடும்.

கடைசியாக கிராஃபிக்ஸ் டிரைவர். என்விடியா கார்டு இருப்பவர்கள் இதை முதலிலேயே சந்தேகப்படலாம். 2025 டிசம்பரில் நடந்ததே சாட்சி. என்விடியாவின் 590 வரிசை டிரைவர், ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்ற பாஸ்கல் தலைமுறை கார்டுகளைக் கைவிட்டது. அந்த கார்டு உள்ளவர்கள் அப்டேட் கொடுத்தால் திரையே எழாமல் போகலாம், பழைய டிரைவருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஆர்ச் லினக்ஸ் குழு எச்சரிக்கை விட்டது. இதில் பயனர் செய்த தப்பு எதுவும் இல்லை. கார்டுக்குப் பொருந்தும் டிரைவரைப் போட்டால் சரியாகிவிடும்.

மூன்றாவதும் நான்காவதும்

எழுத்துத் திரையும் வரவில்லையா? பவர் ஆன் செய்ததும் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்தினால் ‘கிரப்’ மெனு வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கெர்னல் பெரும்பாலும் இருக்கும். நேற்று வரை ஓடிய கெர்னல் அதுதான். அதில் போய் நுழைந்து, பிறகு நிதானமாகக் கோளாறைத் தேடலாம்.

அதுவும் முடியாவிட்டால் லைவ் யுஎஸ்பி. பென்டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டி, உங்கள் ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடலாம். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் மட்டும் அந்த பாஸ்வேர்டு வேண்டும். ஃபைல்களை எடுத்த பிறகு ஃபார்மட் போட்டாலும் நஷ்டம் இல்லை.

விண்டோஸ்காரர்களுக்கும் வாசல்கள் உண்டு. விண்டோஸ் 11-க்கு மாறிய 10 நாளுக்குள் பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. லாகின் பக்கத்தில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ரெகவரி மெனு வரும். சில நேரம் கோளாறு சிரிப்பூட்டும். 2025 ஆகஸ்டில் வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகு லாக் ஸ்கிரீனில் பாஸ்வேர்டு ஐகானே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. ஐகான் இருந்த வெற்றிடத்தில் மவுஸை வைத்தால் பட்டன் தட்டுப்படும்! ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள்: பிட்லாக்கர் ரெகவரி கீயைக் குறித்து வையுங்கள். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி எங்கே மாட்டினாலும் ஃபைல் கிடைக்காது.

கடைக்காரர் மட்டும்தான் குற்றவாளியா?

இல்லை. ஒரு நாளில் பத்து லேப்டாப் வரும் கடையில், காரணம் தேட மூன்று மணி நேரம் ஆகலாம். அதற்குக் காசு கொடுக்க நாம் தயாராக இல்லை. “சும்மா ஒரு செட்டிங்ஸ் மாத்துனதுக்கா இவ்வளவு?” என்று கேட்பது நாம்தான். ஃபார்மட் என்றால் கண்ணுக்குத் தெரியும் வேலை, ரேட்டும் ஃபிக்ஸ்டு. அவர் அதைத்தானே சொல்வார்?

அதனால் கேட்கும் விதத்தை மாற்றுவோம். “என்ன எரர் வருதுண்ணே? எழுத்துத் திரையில் உள்ளே போகுதா? முதலில் டேட்டாவை எடுத்துடலாமா?” இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். காரணம் கண்டுபிடித்ததற்கும் தாராளமாகக் காசு கொடுங்கள். கடைகளும் ‘பேக்கப் எடுக்காமல் ஃபார்மட் இல்லை’ என்று ஒரு போர்டு மாட்டினால், கூட்டம் கூடுமே தவிரக் குறையாது.

அரசு செய்ய வேண்டியது

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் லேப்டாப் கைக்கு வந்த நாளோடு கதை முடிவதில்லை, முதல் பெரிய அப்டேட் வரும் நாளில்தான் தொடங்குகிறது. 2011 திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். சி-டாக் உருவாக்கிய, இந்திய மொழிகளுக்கு இடம் தரும் ஓஎஸ் அது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? மாட்டிக்கொண்டால் யாரிடம் கேட்பது என்று தெரியாத ஒன்றை யாரும் தொடமாட்டார்கள்.

பக்கத்து கேரளத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்த லினக்ஸைப் பயன்படுத்துகிறது. 2018-ல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் பள்ளிப் பிள்ளைகளே கம்ப்யூட்டர் பராமரிப்பையும் கற்கிறார்கள். நம்மிடம் ‘நான் முதல்வன்’ இருக்கிறது. அதில் ‘ஓஎஸ் மீட்பு’ என்று ஒரு நாள் பயிற்சி சேர்ப்பது பெரிய செலவா? ஒவ்வொரு லேப்டாப்போடும் தமிழில் ஒரே ஒரு பக்கக் கையேடு. கல்லூரி ஆய்வகத்தில் நாலு ரெகவரி பென்டிரைவ். வாரம் ஒரு நாள் உதவி மேசை. இவ்வளவு இருந்தால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பிள்ளைகள் இதற்காக மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

சித்தி மகன் ரிவ்யூ முடித்துவிட்டான். இப்போது ஹாஸ்டலில் யாருக்கு லாகின் ஆகவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்களாம். முதலில் டேட்டா, அப்புறம்தான் மத்ததெல்லாம் என்று சொல்கிறானாம். அப்கிரேடு பட்டனை அமுக்கும் முன் நீங்களும் ஒரு பேக்கப் எடுத்துடுங்க. சார்ஜரையும் மாட்டிடுங்க.