மைனஸ் 5-ஐ யார் வாங்கிக்கொள்வது?

நம் பென்ஷன் கணக்கு, பத்திரப் பதிவு எல்லாம் இப்போது கம்ப்யூட்டர் வட்டில்தான் இருக்கின்றன. அந்த வட்டில் எழுதுவது லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் உள்மையம். கெர்னல் என்கிறார்கள். மென்பொருள் துறையில் இருக்கும் மாப்பிள்ளையிடம் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கெர்னலுக்குள் ஒரு பிரிவு இன்னொரு பிரிவிடம் வேலை கொடுத்தால், முடிவில் ஓர் எண் திரும்பி வரும். 0 என்றால் சரி. மைனஸ் 5 என்றால் வட்டில் படிக்கவோ எழுதவோ முடியவில்லை. மைனஸ் 28 என்றால் இடமில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாங்கள் 'அக்யூஸே த ரெசெப்சியோன்' என்போமே, பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை, அந்தச் சங்கதிதான். அட்டை வந்தால் போதுமா? எடுத்துப் பார்க்க ஆள் வேண்டாமா?

2008-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸின் கோப்பு முறைமை நிரல்களை அலசினார்கள். 1153 இடங்களில், அதாவது 13 சதவீத அழைப்புகளில், திரும்பி வந்த பிழை எண் அப்படியே கைவிடப்பட்டிருந்தது. கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பின் பொருள், 'பிழையைக் கையாளுவது எப்போதாவது சரியாக இருக்கிறது' என்பது! படிக்கும்போது வரும் பிழையைவிட எழுதும்போது வரும் பிழைதான் அதிகம் கைவிடப்பட்டதாம். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். படிக்க முடியாவிட்டால் கவுண்டரில் நிற்பவர் அப்போதே சத்தம் போடுவார். எழுதாமல் விட்டது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

இன்னொன்று. கெர்னல் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு 'ஆயிற்று' என்று சொல்லிவிடும். உண்மையாகவே வட்டில் ஏறியதா என்று உறுதி செய்ய 'எஃப்சிங்க்' என்றொரு கட்டளை உண்டு. அது தோற்றால் மறுபடி கேட்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வழக்கம். 2018-ல்தான் அவர்களுக்கு விஷயம் உறைத்தது. கெர்னல் பிழையை ஒரு தடவை சொல்லிவிட்டு, எழுதப்படாத பக்கத்தையும் எழுதியதாகக் குறித்துவிடுமாம். இரண்டாம் தடவை கேட்டால் பதில் 0!

கெர்னல்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பென் டிரைவைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போனவருக்காக நினைவகத்தை எத்தனை நேரம் அடைத்து வைப்பது? ஆனால் வைத்திருக்க முடியாது என்பது வேறு, எழுதிவிட்டேன் என்பது வேறு. முதலாவது இயலாமை. இரண்டாவதை எங்கள் அலுவலகத்தில் பொய்ப் பதிவு என்போம், அதற்கு மெமோ உண்டு.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் 2019-ல் செய்ததே எனக்குப் பிடித்திருக்கிறது. எஃப்சிங்க் தோற்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, முன்கூட்டி எழுதி வைத்த நாள்வழிக் குறிப்பிலிருந்து பேரேட்டை மறுபடி போடுகிறார்கள். அரை மணி நேரம் கவுண்டர் மூடினால் மூடட்டும்.

திரும்பி வரும் எண்ணைப் பார்க்காமல் விட்டால் எச்சரிக்கும்படி ஒவ்வொரு செயல்கூற்றுக்கும் குறியிட லினக்ஸிலேயே வசதி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் போட்டால் என்ன என்று கேட்டேன். "எச்சரிக்கையையும் பார்க்க மாட்டார்கள் மாமா" என்கிறார் மாப்பிள்ளை. அப்படியானால் எச்சரிக்கை வந்தால் நிரலே உருவாகக் கூடாது என்று வையுங்கள் என்றேன். அதற்கும் வழி இருக்கிறதாம்.