சுற்றுலாவில் பணம் யார் கையில்?

கோடை விடுமுறைக்கோ துர்கா பூஜைக்கோ கொல்கத்தா கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் ரயில் டிக்கெட், தங்கும் அறை, தட்சிணேசுவரத்துக்கு எந்த நாள், சாந்திநிகேதன் வரை போவதா வேண்டாமா என்று எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே பேசி முடித்துவிடுகின்றன. போன இடத்தில் பணத்தை எப்படிக் கொடுப்பது என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. ‘அதான் ஜிபே இருக்கே’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த ஜிபே பெரும்பாலான வீடுகளில் அப்பாவின் கைப்பேசியில்தான் இருக்கிறது. ஐந்து பேர் போகிற பயணத்தின் பணம் முழுவதும் ஒரே கைப்பேசியில், ஒரே வங்கிக் கணக்கில், ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. ரொக்கமா, கார்டா, யுபிஐயா என்று நாம் வழக்கமாக விவாதிக்கிறோம். அதைவிட, பணம் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று கேட்பதுதான் முதல் வேலை.

யுபிஐயைக் குறை சொல்வதற்கில்லை. 2016இல் வந்த இந்த ஏற்பாடு, மொழி தெரியாத ஊரில் பெரிய உபகாரம். கொல்கத்தாவில் மண்குவளையில் டீ ஊற்றிக் கொடுப்பவரிடமும் க்யூஆர் அட்டை உண்டு. அவர் வங்காள மொழியில் சொன்ன தொகை புரியாவிட்டாலும் திரையில் எண்ணைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம், மீதிச் சில்லறைக்கு நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நகரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தனியார் பேருந்தில் ஏறினால், ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்குகளில் செருகிக்கொண்டு நடத்துநர் வருவார். நெரிசலில் ஒரு கை கம்பியில், மறு கை குழந்தையின் தோளில் இருக்கும்போது யார் கைப்பேசியை எடுத்து ஸ்கேன் செய்வது? ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், ‘குச்ரோ’ இருக்கிறதா என்பார், அதாவது சில்லறை. கை ரிக்‌ஷாக்காரருக்கும் அதுதான் வேண்டும். காளிகாட் கோயிலில் வழிகாட்டுகிறேன் என்று கூடவே வருபவரிடமும் சில்லறைதான் உதவும். முன்பே தீர்மானித்த இருபது ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அதோடு நிறுத்திக்கொள்ளலாம். திறந்த பணப்பையையோ கணக்கு இருப்பையோ அவர் முன்னால் காட்டிவிட்டுப் பேரம் பேச முடியாது.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடு முழுவதும் யுபிஐ பரிவர்த்தனைகள் தடைபட்டன. அதற்குப் பதினேழு நாள் முன்பு, மார்ச் 26 அன்றும் அப்படி ஒரு முடக்கம். வீட்டிலிருக்கும்போது நடந்தால் அண்ணாச்சி கடையில் ‘அப்புறம் தருகிறேன்’ என்று சொல்லலாம். வெளியூரில், சாப்பிட்டு முடித்து பில் மேசைக்கு வந்த பிறகு நடந்தால் சொல்வதற்கு யாரும் இல்லை. பூஜைப் பந்தல் கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு நாடு தழுவிய முடக்கம்கூடத் தேவையில்லை.

‘இப்போது வீட்டில் எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறதே’ என்று கேட்கலாம். இல்லை என்கிறது கணக்கு. 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண்கள் ஏறத்தாழ 79 சதவீதம். தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருப்பவர்களோ 54 சதவீதம்தான். தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல் என்றாலும், இடைவெளி இங்கும் இருக்கிறது. தாத்தா பாட்டியின் நிலையைச் சொல்லவே வேண்டாம். நியூ மார்க்கெட்டில் பாட்டிக்கு ஒரு ஜோடி சங்கு வளையல் பிடித்துப்போகிறது. முன்பானால் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து விலை பேசி வாங்கியிருப்பார். இன்று மகனைத் தேடிப்பிடிக்க வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், ‘இது எதுக்கும்மா இப்ப’ என்ற பேச்சைக் கேட்க வேண்டும். பாட்டி வேண்டாம் என்று விட்டுவிடுவார். சுற்றுலா என்பது எல்லாருக்கும் பொதுவானது என்று சொல்லிக்கொண்டே, செலவு செய்யும் உரிமையை ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டோம். தொழில்நுட்பம் வேண்டுமென்று செய்ததல்ல இது. நாம் யோசிக்காமல் விட்டதால் நடந்தது.

சரி, ஆளுக்கு ஒரு தொகையை ரொக்கமாகப் பிரித்துக் கொடுத்தால் செலவு கட்டுக்கடங்காது என்பது அடுத்த எதிர்வாதம். ஆய்வுகள் எதிர்த்திசையைக் காட்டுகின்றன. டிரேசன் பிரெலெக், டங்கன் சிமஸ்டர் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டச் சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்டச் சொல்லப்பட்டவர்களைவிட மிக அதிகமாக ஏலம் கேட்டார்கள். கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியாத பணம் வேகமாகப் போகிறது. இதே பிரெலெக், பொருளியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைனுடன் சேர்ந்து 1998இல் எழுதிய கட்டுரை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. துணி துவைக்கும் இயந்திரம் வந்த பிறகு தவணை கட்டலாம் என்றவர்களில் பலர், விடுமுறைப் பயணத்துக்கு மட்டும் முன்பே கட்டிவிட விரும்பினார்கள். கட்டி முடித்த பயணம் இலவசம் போல் இனிக்கிறது. ‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்று மாதத் தவணையில் சுற்றுலா விற்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. வீட்டிலேயே பிரித்துக் கொடுத்த பணமும் அப்படித்தான். அது ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள், அதற்குள் யாரும் கணக்குக் கேட்கவும் கூடாது.

திருட்டுப் பயம் நியாயமானது. கொல்கத்தாக் கூட்டத்தில் ஜேப்படிக்காரர்கள் இல்லாமலில்லை. ஆனால் ஒரே பர்ஸில் இருபதாயிரம் வைப்பதற்கும் நாலு பேரிடம் ஆயிரம் ஆயிரமாக இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பர்ஸ் போனால் பணம் போகும், அவ்வளவுதான். கைப்பேசி போனால் பணத்தோடு ரயில் டிக்கெட், அறை முன்பதிவு, ஓடிபி வரும் சிம் எல்லாமே போகும்.

ஆகவே பெரிய தொகைகளை ஊரிலிருந்தே கட்டிவிடலாம். அறைக்குக் கிரெடிட் கார்டு மேல், தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட வழியுண்டு. போலி ஓட்டல் இணையதளத்தை நம்பி யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு யுபிஐயில் முன்பணம் அனுப்பினால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்தாலும் திரும்பி வரும் என்ற உறுதி இல்லை. அன்றாடச் செலவுக்கு யுபிஐ லைட் போதும். அதில் ஐயாயிரம் ரூபாய் வரை வைக்கலாம், ஒரு முறைக்கு ஆயிரம் வரை ரகசிய எண் இல்லாமல் கட்டலாம். மனைவிக்கோ கல்லூரி போகும் பிள்ளைக்கோ தனி யுபிஐ இல்லையென்றால், 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் மூலம் உங்கள் கணக்கிலிருந்தே மாதம் பதினைந்தாயிரம் வரை செலவிட அவர்களுக்கு அனுமதி தரலாம். இதை ஹவுரா நிலையத்து நடைமேடையில் நின்றுகொண்டு செய்ய முடியாது, வீட்டிலேயே முடிக்க வேண்டும். ரொக்கத்தையும் இங்கிருந்தே எடுத்துப் போவது உத்தமம். கரூர், கும்பகோணம், தூத்துக்குடியில் தலைமையகம் உள்ள வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அங்கே தங்கள் வங்கி ஏடிஎம் எளிதில் கண்ணில் படாது. கொல்கத்தா பெருநகரம் என்பதால் பிற வங்கி ஏடிஎம்மில் மாதம் மூன்று முறைதான் இலவசம். அதன் பிறகு 2025 மே முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிப்பார்கள், வரி தனி.

இடையே நேரம் கிடைத்தால் கவுன்சில் ஹவுஸ் தெருவில் ரிசர்வ் வங்கியின் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போங்கள். 1935இல் அந்த வங்கி தொடங்கியது அந்த ஊரில்தான். அதற்கு முன், கிளம்பும் நாள் காலையில் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. பத்தும் இருபதுமாக ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றி, வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறுங்கள்.