படம் வேற, எழுத்து வேற

மக்களே, ரொம்ப நாளா மண்டைக்குள்ள உருட்டிட்டு இருந்த மேட்டர் இது. இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, எழுதிடறேன். டிவில கீழ ஓடுமே எழுத்து, அதைப் பத்தித்தான். சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.

2018 ஆகஸ்ட். காலேஜ் கடைசி வருஷம், லீவுக்கு சங்ககிரி வந்திருந்தேன். மேட்டூர் நிரம்பி காவிரில சுமார் 2 லட்சம் கனஅடி தண்ணி போய்ட்டு இருந்துச்சு. குமாரபாளையத்துல ஆத்தோரம் எங்க பெரியம்மா வீடு. அவங்க செல்போன்ல நியூஸ் பாக்கற ஆளு இல்ல. லோக்கல் சேனல்ல கீழ ஓடறதுதான் அவங்களுக்கு வேதவாக்கு. அதுல முந்தின நாள் போட்ட பழைய கணக்கே ஓடிட்டு இருந்துச்சு. "கம்மியாத்தான் வருதாமாடா"ன்னு நிம்மதியா பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க. வண்டி எடுத்துட்டுப் போய் வம்படியா கூட்டிட்டு வந்தோம். சாயங்காலம் அவங்க வாசப்படி மேல தண்ணி.

அப்புறம் ஒரு நாள், அந்த சேனல்ல பொட்டியைப் பாத்துக்கற அண்ணன்கிட்ட கேட்டேன். "தம்பி, அந்த எழுத்தெல்லாம் பாட்டு வீடியோவோட சேத்து ஒட்டிப் போட்டதுங்க. மாத்தோணும்னா முழுசா மறுபடி ரெண்டர் போடோணும். ரெண்டு மணி நேரம் ஆயிரும். நா ஒருத்தன் என்னங்க பண்றது?" அவர் மேல தப்பே இல்லைங்க. படத்தையும் எழுத்தையும் ஒண்ணா வெச்சுத் தைச்சாங்களே, அதுதான் தப்பு.

பெரிய சேனல்கள்ல இப்படிச் செய்யறதில்ல. அங்க கிராபிக்ஸ் தனி, படம் தனி. கிராபிக்ஸ் சர்வர்ல இருந்து ரெண்டு சிக்னல் வரும். ஒண்ணு ஃபில், இன்னொண்ணு கீ. சங்ககிரிக்காரங்களுக்கு லாரி பட்டறையை வெச்சுச் சொன்னாப் புரியும். பாடி மேல பேர் எழுத பெயிண்டர் அட்டைல எழுத்தை வெட்டி வெச்சுக்குவார். வெட்டின அட்டைதான் கீ, மேல அடிக்கற பெயிண்ட்தான் ஃபில். கீ வெள்ளையா இருக்கற இடத்துல எழுத்து தெரியும், கறுப்பா இருக்கற இடத்துல பின்னாடி ஓடற படம் தெரியும், சாம்பலா இருந்தா ரெண்டும் கலந்து தெரியும். லாரியைத் தொடாம அட்டையை மட்டும் மாத்திக்கலாம். மேட்டரே அவ்வளவுதான்.

இதுக்கு லட்சக்கணக்குல சாப்ட்வேர் வாங்கணுமான்னா, வேண்டாம். ஸ்வீடன் நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான எஸ்விடி, காஸ்பர்சிஜின்னு ஒரு சர்வரை எழுதி 2006ல இருந்து ஒளிபரப்புல ஓட்டுது. பிற்பாடு ஓப்பன் சோர்ஸாவும் குடுத்துட்டாங்க. யார் வேணா இறக்கிக்கலாம். அதுல எல்லாமே அடுக்கு. 10ம் அடுக்குல படம், 20ல லோகோ, 30ல ஓடற எழுத்துன்னு வெச்சா, 30ஐ மாத்தினாலும் 10 பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். மாத்தறதுக்கு நெட்வொர்க்ல ஒரு வரிக் கட்டளை போதும். ரெண்டு மணி நேர வேலை ரெண்டு செகண்டுல முடியும். சின்ன சேனலுக்கு ரெண்டு கேபிள்கூட வேண்டாம், கம்ப்யூட்டருக்குள்ளயே கலந்து ஒரே சிக்னலா அனுப்பிடலாம்.

கவனிக்க வேண்டியதும் இருக்கு. ஃபில்லும் கீயும் தனித்தனியாப் போனா ரெண்டும் ஒரே ஃபிரேம்ல சேரணும். நம்ம ஊரு கணக்குக்கு செகண்டுக்கு 25 ஃபிரேம், அதாவது ஒண்ணுக்கு 40 மில்லிசெகண்ட். ஒரு ஃபிரேம் பிந்தினாலே ஓடற எழுத்துக்கு வால் முளைச்சிரும். இன்னொண்ணு, சில ஃபைல்ல ஓரம் ஏற்கனவே கீயால பெருக்கி மங்கலாக்கி இருக்கும். அது தெரியாம மிக்ஸர் மறுபடி பெருக்கினா எழுத்தைச் சுத்தி கறுப்பு ஓரம் கட்டும். தின்னர் ஊத்தின பெயிண்ட்ல மறுபடி தின்னர் ஊத்தின கதை. இந்தப் பெருக்கல் கணக்கை போர்ட்டரும் டஃப்பும் 1984லயே கட்டுரையா எழுதி வெச்சுட்டாங்க. இன்னமும் நம்ம டிவில கறுப்பு ஓரம் போகல :)

தமிழுக்கும் இதுல ஒரு லாபம். முன்னாடி இந்த சர்வருக்கு டெம்ப்ளேட் எல்லாம் ஃபிளாஷ்ல செய்வாங்க. ஃபிளாஷ் 2020 டிசம்பரோட முடிஞ்சு போச்சு. இப்ப எச்டிஎம்எல். வெப் பக்கம் எழுதத் தெரிஞ்ச யாரும் செய்யலாம், பிரவுசர் எஞ்சினே வரையறதால யூனிகோட் தமிழ் ஒழுங்கா விழும். கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்காது.

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம். "எழுத்தை மாத்தறது சுலபம்னா விளம்பரத்தைத்தான் இன்னும் நாலு போடுவானுங்க"ன்னு நண்பன் ஒருத்தன் சொன்னான். உண்மைதான். இப்பவே பாட்டு நடுவுல ஒரு பொட்டிக்குள்ள சுருங்கி, சுத்தியும் நகைக்கடை, ஜவுளிக்கடை. சாப்ட்வேர் அதைத் திருத்தாது. செலவும் சுத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டேன். நல்ல கிராபிக்ஸ் கார்டு, வீடியோ அவுட்புட் கார்டு, அதைவிட முக்கியமா ஓட்டத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்.

அந்த ஆள் நம்மள்ல ஒருத்தரா இருக்கலாமேங்கறதுதான் என் கட்சி. வாரம் பூரா எவனோ ஒரு அமெரிக்கக்காரனுக்கு ஆணி புடுங்கறோம். ஊருக்குப் போற ஒரு சனிக்கிழமை, லோக்கல் சேனல் ஆபீஸ் படியேறி "அண்ணா, இதைப் போட்டுத் தரட்டுங்களா"ன்னு கேட்டா என்ன குறைஞ்சிரும்? ஆடிப்பெருக்குக்கு தீரன் சின்னமலைக்குக் கோட்டைல கூடற கூட்டத்தைக் காட்டறப்ப கீழ பேரு அழகா வர்றது நல்லதுதான். ஆனா எனக்கு அது ரெண்டாம் பட்சம். அணை திறந்த ராத்திரி, ஆத்தோரம் ஒரு பெரியம்மா நம்பிப் பாக்கற அந்த ஒரு வரி, அந்த நேரத்து வரியா இருக்கணும்.

நான் அந்த அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப லேப்டாப்போட போறேன். வர்றவங்க சொல்லுங்க, சேந்து போலாம்.