பிறப்பே குற்றமா?

காவல்காரனையே காவலில் வைத்த கதை தெரியுமா, தோழர்களே? எங்கோ நடந்ததல்ல; நமது பாண்டிச் சீமையிலே நடந்தது!

இருளிலும் காலடித் தடம் காண்பான். வளரி வீசினால் குறி தப்பாது. களவு போன மாட்டை மீட்பான், மீளாவிட்டால் ஈடு கொடுப்பான். அத்தகையவனைத்தான் ஊர் காவலுக்கு வைத்திருந்தது. அந்த ஆற்றலைக் கண்டு அஞ்சியது வெள்ளை ஆட்சி! பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த 1801-லேயே ஆயுதம் ஏந்தத் தடை. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது.

விரல் ரேகை பதிய வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். இரவிலே காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். திருடினானா? அந்தக் கேள்வியே இல்லை. அந்தக் குலத்திலே பிறந்தானா? அது போதும்! மனு பிறப்பிலே இழிவை எழுதினான். வெள்ளையன் பிறப்பிலே குற்றத்தை எழுதினான். மை ஒன்றுதான்!

பணிந்தார்களா? 1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மறுத்தனர் கள்ளர் மக்கள். துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்ற வீரப் பெண்மணி உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அவர்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் கொண்டாடினர். முத்துராமலிங்கத் தேவரும் அச்சட்டத்தை எதிர்த்துப் போராடினார். 1947-ல் மாகாணத்திலே அது ஒழிந்தது.

"ஒழிந்த சட்டத்தின் கதை இப்போது எதற்கு?" என்று தச்சநல்லூர்த் தேநீர்க் கடையிலே கேட்கிறார்கள். சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழிந்ததா? சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்த்த சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொல்ல 2024 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்ததே!

இன்னொன்றும் சொல்வோம், கசந்தாலும் சொல்வோம். நெல்லை மாவட்ட மறவரும் அந்தச் சீர்மரபினர் பட்டியலிலே உள்ளவர்தாம். பிறப்பால் பழிக்கப்படும் வலி அறிந்த மண் இது. இதே மண்ணிலே, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பட்டியலின மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டினர் பள்ளிச் சிறுவர்கள். அந்தப் பிஞ்சுக் கையிலே அரிவாளைத் தந்தது எது? பிறப்பை வைத்து ஆளை அளக்கும் அதே நஞ்சு!

நாம் கேட்பது இதுதான்: அரசு நம் பிறப்பைக் குற்றம் என்றபோது கொதித்தோமே, அடுத்த தெருக்காரன் பிறப்பை நாம் இழிவு என்னலாமா? ரேகை வைக்க மறுத்த வீரர்களுக்கு மாலை போட்டால் போதாது. பிள்ளைகளின் கையிலே கட்டியிருக்கும் சாதிக் கயிற்றை அவிழுங்கள். பெருங்காமநல்லூருக்கு நாம் செலுத்தும் வீரவணக்கம் அதுவே!