கத்தி தீட்டும் வானும் எங்கட கௌரவமும்

சொந்தமாக ஒரு தொழில் செய்யவேண்டும் என்று ஜேர்மனியில் இருக்கும் எங்கட ஆக்களுக்கு ஆசை வந்தால் அது அநேகமாக ஒரு கடையில் போய்த்தான் முடியும். பலசரக்குக் கடை, இல்லாவிட்டால் ரெஸ்ரோரண்ட், அதுவும் இல்லாவிட்டால் பிற்சாக் கடை. சீட்டு எடுத்து, வட்டிக்கு வாங்கி, மனிசியின் நகையை வைத்து, வருடக்கணக்கான வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக்கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. கடைக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. முன்பு இருந்தவர் விட்டுப்போகும் அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் தனியாக ஒரு தொகை கொடுக்கவேண்டும். கடை ஓடாவிட்டாலும் ஒப்பந்தம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கையில் தொழில் இருக்கிறவனுக்குக் கடை தேவையில்லை, ஒரு பழைய வோன்மொபில் போதும் என்பது என் கருத்து. வோன்மொபில் என்றால் டொச்சுக்காரர் விடுமுறைக்குக் கொண்டு திரிகிற, கட்டிலும் குசினியும் கக்கூசும் உள்ள வீட்டு வான். வயதான பிறகு அவர்கள் அதை ஓடுவதில்லை. கூரையில் பாசி பிடித்தபடி வளவுக்குள் நிற்கும். என்னோடு ஒரே குசினியில் ஏழு வருடம் நின்ற நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி, கத்தி தீட்டும் பட்டறையாக மாற்றியிருக்கிறார். லீவு நாட்களில் கூட நின்று சுத்தியல் பிடித்தவன் என்றபடியால் அதைப்பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

வானை மாற்றுகிறோம் என்றவுடன் எல்லாரும் கேட்டது "சாப்பாட்டு வானோ?" என்றுதான். இல்லை. குசினியை விட்டு வெளியே வர நினைக்கிறவன் குசினியைச் சில்லில் பூட்டிக்கொண்டு திரிவதில் என்ன அர்த்தம்? சாப்பாடு விற்பதென்றால் தண்ணீர்த் தாங்கி, கை கழுவத் தனித் தொட்டி, குளிர்பெட்டி, சுகாதாரப் பரிசோதனை என்று செலவு கடைக்குக் கிட்ட வந்துவிடும். மிஞ்சினதைக் கொட்டவும் வேண்டும். சாணைக்கல் பழுதாகிப் போகாது.

கத்தியை ஏன் தெரிவு செய்தார் என்பது குசினியில் நின்றவர்களுக்கு விளங்கும். கையை வெட்டுவது பெரும்பாலும் மொட்டைக் கத்திதான். அமத்தி வெட்டும்போது வழுக்கி விரலுக்கு வரும். சின்ன ரெஸ்ரோரண்டுகளில் யாரும் கத்தியை முறையாகத் தீட்டுவதில்லை. அந்த நீட்டுக் கம்பியில் இரண்டு இழு இழுத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். அந்தக் கம்பி மடிந்துபோன விளிம்பை நிமிர்த்துமே தவிர, தேய்ந்த விளிம்பைத் திருப்பித் தராது. அதற்குக் கல் வேண்டும். கல்லிலும் சூடேறாமல் தண்ணீர் விட்டுத் தீட்டவேண்டும். விளிம்பு நீலமாக மாறினால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொரு விசயம் வெளியாளுக்குத் தெரியாது. மதிய வேலை முடிந்து பின்னேர வேலை தொடங்கும் இடையில் இரண்டு, இரண்டரை மணித்தியாலம் கத்திகள் சும்மா கிடக்கும். காலையில் போய்க் கேட்டால் குக் திட்டுவார். மூன்று மணிக்குப் பின்வளவில் வானை நிறுத்திக் கேட்டால் முழுக்கத்தியையும் கொண்டுவந்து தருவார். நாங்கள் இத்தனை வருடம் நின்று படித்த படிப்பு இதுதான். இதற்கு எந்தச் சான்றிதழும் யாரும் தரமாட்டார்கள், ஆனால் விலை இருக்கிறது.

இனி வானுக்கு வருவோம். வாங்கும்போது என்ஜினைப் பார்க்கமுதல் சுவரைப் பாருங்கள். பழைய வோன்மொபில்களில் அநேகமானவற்றின் உடம்பு மரச்சட்டம். வெளியே மெல்லிய அலுமினியம், உள்ளே பலகை. கூரை மூட்டுகளாலும் யன்னல் ஓரத்தாலும் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே சட்டம் உக்கிவிடும். மூலைகளைப் பெருவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிட்டு வாருங்கள். உள்ளே பூஞ்சண மணம் வந்தாலும் அப்படித்தான். என்ஜின் பழுதைக் கராஜில் திருத்தலாம். 80களின் ஃபியாற் டுகாட்டோவும் பேஜோ ஜே5-உம் சித்ரோவென் சி25-உம் பெயர் மாறிய ஒரே வண்டிதான். அவற்றுக்குச் சாமான் தேடலாம். உக்கின சட்டத்தைத் திருத்துகிற கூலிக்கு இன்னொரு வானே வாங்கலாம்.

அடுத்தது பாரம். இதில்தான் கனபேர் பிழைவிடுகிறார்கள். சாதாரண பி வகுப்பு லைசென்சுக்கு மொத்தம் 3.5 தொன்தான் எல்லை. 1999-க்கு முன் எடுத்த பழைய மூன்றாம் வகுப்பு லைசென்ஸ் என்றால் 7.5 தொன்வரை ஓடலாம். எங்களுக்கு முதல் வந்த அண்ணைமார் பலரிடம் அது இருக்கிறது, அதன் பெறுமதி அவர்களுக்கே தெரியாது. நண்பரிடம் இருப்பது பி. ஆகவே கட்டில், அலுமாரி, கக்கூஸ், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் கழற்றினோம். நூறு லீற்றர் தண்ணீர் என்றால் நூறு கிலோ என்பதை மறக்கவேண்டாம். கழற்றியது ஏறக்குறைய 310 கிலோ, திரும்ப ஏற்றியது 240 கிலோ. கணக்கைக் கடதாசியில் மட்டும் நம்பாமல் தராசுப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தோம். வேலை மேசையை வெறும் பலகைத் தரையில் பூட்டாமல் கீழே இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டவேண்டும். பிரேக் அடித்தால் 40 கிலோ சாணை இயந்திரம் முதலில் வந்து சேருவது ஓட்டுகிறவனின் முதுகுக்குத்தான்.

மின்சாரம் பெரிய தலையிடியாக இருக்கும் என்று நினைத்தோம், அப்படி இல்லை. 12.8 வோல்ற், 100 அம்பியர்மணி லிதியம் பற்றரி ஒன்றில் 1,280 வாற்மணி இருக்கிறது. தண்ணீர்ச் சாணை 250 வாற்தான் இழுக்கும். மூன்று மணித்தியாலம் விடாமல் ஓடினாலும் 750, மாற்றியில் போகும் நட்டத்தோடு 850. ஓடும்போது என்ஜினிலிருந்து 30 அம்பியரில் சார்ஜ் ஏறும். ஈயப் பற்றரி விலை குறைவு, ஆனால் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், பாரமும் இரண்டு மடங்குக்கு மேல். கூரையில் சூரியத்தகடு போடலாம். ஆனால் ஜேர்மனியின் டிசம்பர் மாதத்தில் அதை நம்பித் தொழில் நடத்தமுடியாது.

காஸ் சிலிண்டரைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். பொறி பறக்கிற இடத்தில் காஸ் வேண்டவே வேண்டாம். வைத்திருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதற்குத் தனிப் பரிசோதனையும் செய்யவேண்டும். 2025 யூனிலிருந்து வோன்மொபில்களுக்கு அது மீண்டும் கட்டாயம். நாங்கள் முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டோம். இயந்திரத்துக்குப் பின்சுவரில் பலகைக்குமேல் தகடு அடித்து, கதவருகில் தீயணைப்பான் வைத்தோம்.

இனிக் கடதாசி. கட்டிலையும் அடுப்பையும் எடுத்துவிட்டால் சட்டப்படி அது வோன்மொபில் இல்லை. ரூவ் அல்லது டெக்ரா பொறியியலாளரிடம் காட்டி, பட்டறை வண்டி என்று அறிக்கை எடுத்து, பதிவு அலுவலகத்தில் வாகனப் புத்தகத்தை மாற்றவேண்டும். வேலை தொடங்கமுதலே வரைபடத்தோடு அந்தப் பொறியியலாளரிடம் ஒருமுறை போய்க் கதைப்பது புத்தி. காப்புறுதிக்காரருக்கும் அறிவிக்கவேண்டும். வோன்மொபில் காப்புறுதி மலிவாக இருப்பதற்குக் காரணம் அது வருடத்தில் சில கிழமை மட்டும் ஓடும் விடுமுறை வண்டி என்பதுதான். அதை வைத்துத் தொழில் செய்து விபத்து நடந்தால் பிறகு அழவேண்டியதுதான்.

நகரத்துக்குள் போவதென்றால் பச்சை வட்டம் வேண்டும். சூழல் வலயங்கள் 2008-இல் பேர்லின், கேல்ன், ஹனோவர் நகரங்களில் தொடங்கின. ஹனோவர் போன்ற சில நகரங்கள் பிறகு அதை நீக்கிவிட்டன, ஆனால் இன்னும் பல நகரங்களில் இருக்கிறது. டீசல் என்றால் யூரோ 4, அல்லது துகள் வடிகட்டி பூட்டிய யூரோ 3. முப்பது வருடம் தாண்டின வண்டிக்குப் பழம்பெருமை இலக்கத்தகடு எடுத்தால் இந்த விலக்கு கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் வண்டி பழைய வடிவத்திலேயே இருக்கவேண்டும். உள்ளே பட்டறை அடித்துவிட்டு அந்தத் தகட்டை எதிர்பார்க்கக்கூடாது.

தொழில் அனுமதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலே கூப்பிட்டவர்களிடம் மட்டும் போனால் சாதாரணத் தொழில் பதிவு போதும். கூப்பிடாமல் கதவைத் தட்டி வேலை கேட்டால் றைஸகவேர்ப என்கிற நடமாடும் தொழில் அட்டை வேண்டும். தெருவோரத்தில் நிறுத்தி வியாபாரம் செய்ய நகரசபையின் தனி அனுமதி வேண்டும். ரெஸ்ரோரண்டின் சொந்தப் பின்வளவு என்றால் சொந்தக்காரரின் சம்மதம் போதும். தையல் தெரிந்த அக்காமாருக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. தையலுக்கு 2004-இலிருந்து மைஸ்ரர் சான்றிதழ் கட்டாயமில்லை. முதல் வருட வருமானம் 25,000 யூரோவுக்குள் இருந்தால் சிறுதொழில் என்று விற்பனை வரியிலிருந்தும் விலக்கு எடுக்கலாம். ஆனால் முழுநேரமாக இறங்கினால் மருத்துவக் காப்புறுதியில் முதலாளி கட்டிய பாதியையும் நீங்களே கட்டவேண்டும். ஆகவே நண்பர் வேலையை விடவில்லை. முதலாளிக்குச் சொல்லிவிட்டு, அரைநேரத்துக்கு மாறி, கிழமையில் மூன்று நாள் வானில் நிற்கிறார்.

அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களுக்கும் டுல்டுங்கில் இருப்பவர்களுக்கும் பொதுவாகச் சொந்தத் தொழிலுக்கு அனுமதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட அகதிக்கு அந்த உரிமை இருக்கிறது.

இவ்வளவும் செய்யக்கூடிய வேலைகள். பாரம், பற்றரி, ரூவ் எல்லாவற்றையும் ஆறு மாதத்தில் தாண்டினோம். தாண்டமுடியாமல் நிற்பது வேறொன்று.

போன வருடம் ஒரு கலியாணவீட்டுக்கு நண்பர் அந்த வானிலேயே வந்தார். கத்திப் படத்தைப் பார்த்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, ஊரிலை எந்தப் பகுதி? கொல்லற்ற ஆக்களோ?" சுற்றி நின்ற நாலுபேரும் சிரித்தார்கள். அந்தப் பெரியவர் முப்பது வருடம் ஹோட்டலில் கோப்பை கழுவினவர். அதை ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. வெள்ளைக்காரனின் கோப்பையைக் கழுவினால் சாதி போகாது, சொந்த வானில் சாணை பிடித்தால் சாதி வந்துவிடும் என்பது அவரது கணக்கு. அதன்பிறகு நண்பர் எங்கட கொண்டாட்டங்களுக்கு வரும்போது வானை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்.

கடைமேல் எங்களுக்கு இருக்கும் இந்தப் பைத்தியத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கடை வைத்தவன் முதலாளி. கையால் தொழில் செய்கிறவன் யாரோ ஒரு சாதி. கொல்லன், தச்சன், அம்பட்டன், வண்ணான் என்று வேலையை ஆளின் நெற்றியில் ஒட்டிவைத்துவிட்டு வந்தோம், விமானத்தில் ஏறும்போது அதைக் கழற்றவில்லை. கடனில் கடை வைத்து மூடினவனைக் குறைவாகப் பேசமாட்டோம். கடனில்லாமல் கத்தி தீட்டுகிறவனை "எந்தப் பகுதி" என்று கேட்போம்.

டொச்சுக்காரரும் இதில் சுத்தமானவர்கள் இல்லை. ஸோலிங்கன் கத்தியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற நாடு இது. அந்தப் பெயரைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே கத்தியை ஊர் ஊராகப் போய்த் தீட்டின யெனிஷ், சிந்தி மக்களைத் தெருவுக்குள் வரவிட விருப்பமில்லாமல் இருந்தார்கள். நாசிகள் காலத்தில் சிந்தி, ரோமா மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். இந்தத் தொழிலை இழிவு என்று பார்க்கிற கண் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறது. அகதியாக வந்த நாங்கள் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று யோசிக்கவேண்டாமா?

நண்பர் ஒரு கத்திக்கு 6 யூரோ வாங்குகிறார். பின்னேரம் ஒரு ரெஸ்ரோரண்டில் பதினைந்து கத்தி கிடைத்தால் போதும் என்கிறார். குசினியின் சூடில்லை, முதலாளியின் சத்தமில்லை, முழங்கால் நோவும் குறைந்திருக்கிறது. வானின் பக்கத்தில் கத்திப் படமும் தொலைபேசி இலக்கமும் மட்டும்தான் இருக்கின்றன. பெயரையும் எழுதச் சொல்லி நான் ஆறு மாதமாகக் கேட்கிறேன். "பாப்பம் மச்சான்" என்கிறார்.

அவர் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவருடைய விருப்பம். ஆனால் அடுத்த கலியாணவீட்டில் அந்த வான் மண்டப வாசலில் நிற்கிறதா, இரண்டு தெரு தள்ளி நிற்கிறதா என்பது அவர் கையில் மட்டும் இல்லை. அது எங்கள் கையிலும் இருக்கிறது.